யார் பூட்டைத் திறப்பது, யார் அடி வாங்குவது: ரோல்பிளே ஆட்டத்துக்குக் கேரக்டர் அமைக்க முழுமையான வழிகாட்டி

டி அண்ட் டி, அதாவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டம் ஆடப் புதிதாக உட்காருபவர் முதலில் கேட்பது, "இருக்கிறதிலேயே பவர்ஃபுல் கேரக்டர் எது?" என்பதைத்தான். இதற்கு நேரடியாகப் பதில் சொன்னால் ஆட்டம் அங்கேயே கெட்டுப்போகும். ஐந்து பேரும் எல்லாம் தெரிந்த சூரர்களாக வந்து உட்கார்ந்தால் ஒருவருக்கு இன்னொருவர் தேவையே இருக்காது. தன் கேரக்டரால் எது முடியாது என்று முதலில் முடிவுசெய்துகொண்டு வருபவர்தான் கடைசிவரை ஆட்டத்தில் மாட்டிக்கொண்டும் மீண்டும் சிரித்துக்கொண்டும் இருப்பார். கீழே உள்ளதெல்லாம் அந்த வழியில்தான் போகிறது.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று ஊருக்கு வந்து கூடி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக் கூடமான பட்டாலையில் ஆளுக்கொரு போனோடு சாய்ந்து கிடக்கும் அண்ணன், தம்பி, அயித்தான், மச்சினிக் கூட்டத்துக்காக. ஒரு சாயங்காலமும் நாலைந்து பேரும் இருந்தால் போதும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் கதையை நடத்துவார், அவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜி.எம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். "நீங்கள் இப்போது இங்கே நிற்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்?" என்று ஜி.எம். கேட்பார். நீங்கள் சொல்வீர்கள். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருட்டப்படும். கேரக்டரின் விவரம் எழுதிய தாளுக்கு ஷீட் என்று பெயர். விதிகளுக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். பன்னிரண்டு கிளாஸும், அதாவது கேரக்டர் வகைகளும், அதிலேயே இருக்கின்றன.

முதல் படி: வேலையைப் பாருங்கள், ஆளை அப்புறம் பார்க்கலாம்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தபோது அதில் மூன்று வகை ஆட்கள்தான் இருந்தார்கள்: சண்டைக்காரர், மந்திரவாதி, தெய்வ அருளால் காரியம் செய்யும் கிளெரிக். திருடர் அடுத்த ஆண்டு, 1975இல் வந்து சேர்ந்தார். இந்த நால்வரும் காரணத்தோடுதான் வந்தார்கள். அன்றைய கதைகள் பெரும்பாலும் நிலவறைக்குள் நடந்தன. முன்னால் நின்று தடுக்க ஒருவர் வேண்டும். விழுந்தவரைத் தூக்கி நிறுத்த ஒருவர் வேண்டும். பத்து இருபதாகப் பாய்ந்து வருவதை ஒரே மூச்சில் சமாளிக்க ஒருவர். பூட்டு, பொறி, ஒட்டுக்கேட்பது இதற்கெல்லாம் ஒருவர். இடம் கேட்ட வேலைக்கு ஏற்றபடி ஆள் பிறந்தார், அவ்வளவுதான்.

2008இல் வந்த நாலாம் பதிப்பு இந்த வேலைகளுக்குப் பெயரே வைத்துவிட்டது: டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர், லீடர், கன்ட்ரோலர். தடுப்பவர், ஒரே ஆளைக் குறிவைத்து அடிப்பவர், மற்றவர்களைத் தாங்குபவர், களத்தையே மாற்றுபவர். சண்டைக்கு இது அருமையான கணக்கு. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்டங்களில் சண்டை கொஞ்சம், பேச்சு நிறைய. வாய் பேசிக் காரியம் முடிப்பவர், தடயம் தேடுபவர் இருவருக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. அதனால் நாலு வேலை என்று வைக்காமல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்: தடுப்பது, அடிப்பது, தாங்குவது, களத்தை மாற்றுவது, பேசுவது, தேடுவது. ஒரு கேரக்டர் இரண்டில் கெட்டிக்காரராக இருக்கலாம். மூன்று என்று யாராவது கேட்டால் விடாதீர்கள்.

இரண்டாம் படி: ஷீட்டை எடுக்கும் முன் ஜி.எம்.மைக் கேளுங்கள்

எந்த ஆட்டம் என்பதே பாதியைத் தீர்மானித்துவிடும். கால் ஆஃப் கதுலு 1981இலிருந்து வரும் திகில் ஆட்டம். அதில் பேராசிரியர், பத்திரிகையாளர், மருத்துவர் மாதிரியான சாதாரண ஆட்கள்தான் வருவார்கள். அங்கே போய்ப் பெரிய வாளோடு நின்றால் வாளும் போய்விடும், புத்தியும் போய்விடும். 1977இல் வந்த டிராவலர் விண்வெளி ஆட்டம். அதன் பழைய விதியில் கேரக்டரின் முன்கதையை டைஸ் உருட்டி எழுதும்போதே, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, அவர் செத்துப்போக வாய்ப்பு உண்டு. எழுதி முடிக்காத ஷீட்டுக்கே துக்கம் கொண்டாட வைத்த ஆட்டம் அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

ஆட்டத்தின் பெயர் தெரிந்ததும் ஜி.எம்.மிடம் இன்னும் சில விஷயங்கள் கேளுங்கள். கதை எங்கே நடக்கிறது? சண்டை எவ்வளவு, விசாரணை எவ்வளவு? ஒரே நாளில் முடியுமா, அடுத்த விடுமுறைக்கும் தொடருமா? ஒரே நாள் கதை என்றால் ரொம்ப நாள் வளர்ந்தால்தான் ருசிக்கும் கேரக்டரை எடுக்க வேண்டாம். மந்திரவாதி அந்த ரகம். கூடவே, கதையில் எது வரக் கூடாது என்பதையும் எல்லாரும் இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது. சமீபத்தில் சாவு விழுந்த வீட்டுக்காரர் ஒருவர் கூட்டத்தில் இருக்கும்போது மயானக் காட்சியோடு கதையை ஆரம்பிக்காமல் இருக்க ஜி.எம்.முக்கு அது உதவும்.

மூன்றாம் படி: ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐந்தாம் பதிப்பில் பன்னிரண்டு கிளாஸ். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தால் தூக்கம்தான் வரும். முக்கியமானவர்களை மட்டும் பார்ப்போம்.

சண்டைக்காரர், அதாவது ஃபைட்டர், புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்குக்கு ஹிட் பாயிண்ட் என்று பெயர். இவருக்கு முதல் லெவலில் 10 ஹிட் பாயிண்ட், அதோடு உடல்தெம்பின் கூடுதல். சீக்கிரம் விழமாட்டார், நினைவில் வைக்க வேண்டிய விதியும் குறைவு. பார்பேரியன் இன்னும் தடித்த தோல்: 12 ஹிட் பாயிண்டில் தொடங்குவார். வெறி ஏறிவிட்டால் வெட்டு, குத்து, அடி மூன்றும் பாதிதான் உறைக்கும். இருவரையும் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கதவை உடைக்கத் தயங்காதவருக்குக் கொடுங்கள்.

ரோக் என்கிற திருடரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஆசைப்படுவதும் அதிகம் பேர் தப்பாக ஆடுவதும் இதைத்தான். கறுப்பு முக்காடு, யாரோடும் சேராத தனிமரம், பேசினால் ஒரு வார்த்தை: இப்படித்தான் வந்து உட்காருவார்கள். விதியைப் படித்துப் பாருங்கள். ரோக்கின் பெரிய பலம் பதுங்கித் தாக்குவது. அதற்குக் குறிவைத்த ஆளிடம் ஏதாவது ஒரு விதத்தில் கை ஓங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆளிடமிருந்து ஐந்து அடிக்குள் உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் நின்று தொல்லை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, முன்னால் நின்று அடி வாங்கும் சண்டைக்காரர் இல்லாவிட்டால் திருடரின் கத்தி பாதி நேரம் மொக்கைதான். தனிமரமாக ஆட நினைப்பவர் தன் கிளாஸின் விதிக்கு எதிராகவே ஆடுகிறார்.

பார்ட், பாட்டுக்காரர், இதைவிட அழகான ஏற்பாடு. அவர் கையிலிருக்கும் முக்கியமான சக்தி, ஆறு முக டைஸ் ஒன்றை இன்னொருவருக்குத் தானம் கொடுப்பது. வாங்கியவர் அதைத் தன் உருட்டலோடு சேர்த்துக்கொள்ளலாம். தனக்கே கொடுத்துக்கொள்ள விதி இடம் தராது. கூச்சப்படுபவர்களுக்குப் பார்டைக் கொடுக்காதீர்கள் என்பார்கள். நான் இதற்கு நேரெதிர். தான் பேசக் கூச்சப்பட்டாலும் "இந்தா, இதை வச்சுக்க" என்று டைஸை நீட்டுவது எளிது. ஒரு மணி நேரத்தில் கூச்சம் போய்விடும்.

தாங்குபவர் என்றால் கிளெரிக். இங்கே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கூட்டத்தில் யார் கடைசியாக வந்தாரோ, யார் வாயில்லாப் பூச்சியோ, அவர் தலையில் கட்டிவிடுவார்கள். அவர் சாயங்காலம் முழுக்க மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பார். இதற்கு விதியிலேயே மருந்து இருக்கிறது. ஹீலிங் வேர்ட் என்ற மந்திரம் அறுபது அடி தூரத்திலிருந்தே வேலை செய்யும். அது போனஸ் ஆக்‌ஷன், அதாவது தன் முறையில் கூடுதலாகச் செய்துகொள்ளும் சின்ன வேலை, என்பதால் அதே முறையில் கிளெரிக் அடிக்கவும் செய்யலாம். ஹிட் பாயிண்ட் பூச்சியமாகிக் கீழே விழுந்தவர் ஒரே ஒரு பாயிண்ட் கிடைத்தாலும் எழுந்துவிடுவார். ஆகவே சின்னக் காயத்துக்கெல்லாம் ஓடிப்போகாதீர்கள், விழுந்த பிறகு எழுப்புங்கள். மிச்ச நேரம் உங்களுடையது.

மந்திரவாதி, விசார்ட், முதல் லெவலில் 6 ஹிட் பாயிண்டும் பெரிய மந்திரத்துக்கு இரண்டே வாய்ப்புமாக வருவார். சாவித்துளை வழியாக எட்டிப் பார்க்கிற வயசுப் பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், பொறுமை இல்லாத பெரியவர்களுக்குப் பிடிக்காது. பாலடின் நேர்மையாளர். லெவலைப் போல் ஐந்து மடங்கு ஹிட் பாயிண்ட்டைக் கைதொட்டுக் கொடுக்க முடியும். ஆனால் நேர்மையைக் காட்டுகிறேன் என்று மற்றவர்கள் போட்ட திட்டத்தையெல்லாம் முட்டுக்கட்டை போட்டு நிறுத்தும் பாலடினை நான் பார்த்திருக்கிறேன், அவரை யாரும் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. வார்லாக் பற்றிச் செட்டிநாட்டில் விளக்கவே வேண்டியதில்லை: ஒரு பெரிய சக்தியிடம் ஒப்பந்தம் போட்டு வலிமையைக் கடன் வாங்கியவர். வட்டி எப்போது, எப்படி வசூலிக்கப்படும் என்பது ஜி.எம். கையில். இந்த ஒரு கிளாஸை எங்கள் வீட்டு ஐயா கேட்ட உடனே புரிந்துகொண்டு, "பிராமிசரி நோட்டில் என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

நாலாம் படி: ஊர் ஆட்களைக் கொண்டே கூட்டம் அமையுங்கள்

எல்ஃப், டிராகன் எல்லாம் ஆடலாம், யாரும் தடுக்கவில்லை. முதல்முறை ஆடுபவர்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் கதை நடந்தால் வாய் சீக்கிரம் திறக்கும். அதற்கு என்னைக் கேட்டால் ஒரு கிட்டங்கிதான் சரியான இடம்.

கடல் கடந்துபோன நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வைத்திருந்த கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல விலாசங்கள், அதாவது வட்டிக்கடைகள், பக்கத்துப் பக்கத்தில் பெட்டி போட்டுத் தொழில் நடத்தின. ரங்கூனில் மொகல் தெரு இதற்குப் பேர்போனது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். சமையலுக்கு ஓர் ஆள். மேலாள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குப் போய்விட்டு ஊர் திரும்புவார். இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, யாரோ ஏற்கனவே பார்ட்டி, அதாவது கேரக்டர்களின் கூட்டம், அமைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான்.

மேலாளுக்குப் பேச்சு. கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்தே தொகையை முடிவுசெய்பவர். ஓடவோ ஏறவோ அவரால் ஆகாது. அடுத்தாளுக்குத் தேடல். பேரேட்டில் ஒரு வரி இடிக்கிறது என்றால் அவர் கண்ணில் படும், ஆனால் நேருக்கு நேர் நின்று பொய் சொல்லத் தெரியாது. பெட்டியடிப் பையன் எல்லாருடைய காலடியிலும் சுற்றுபவன், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது அவனுக்கு அத்துபடி. அவன் சொல்வதைப் பெரியவர்கள் நம்புவதில்லை, அதுதான் அவன் குறை. சமையலாள் தாங்குபவர்: காய்ச்சலுக்குக் கஷாயம், கலவரத்துக்கு நடுவில் ஒரு வாய்ச் சோறு. வாசலில் நிற்கும் காவல்காரர் தடுப்பவர். கதை ஊரில் நடந்தால் ஆச்சி ஒருவரைச் சேருங்கள். ஆண்கள் வருடக்கணக்கில் வெளியே இருந்தபோது வீட்டையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர். சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருக்கும். மேலாள் ஒரு மணி நேரம் பேசியும் நடக்காத காரியத்தை ஒரே பார்வையில் முடிப்பார். என் அனுபவத்தில் ஆச்சி வேஷத்துக்குத்தான் போட்டி அதிகம், அதுவும் தம்பிமார்களிடமிருந்து.

கதைக்கும் பஞ்சமில்லை. 1929க்குப் பிறகு வந்த பெரும் மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியாமல் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1937இல் அது சுமார் 25 சதவீதம் ஆனது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பத்திரப் பெட்டியோடு ஊர் திரும்பப் பார்க்கும் ஐந்து பேர் என்றால் ஜி.எம்.முக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு யோசனை சொல்கிறேன்: நிலத்தை இழந்த பர்மிய விவசாயி ஒருவரையும் பார்ட்டியில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவருடைய வயலின் பத்திரம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று சீட்டு ஒட்ட முடியாத கதையில்தான் கேரக்டருக்கு உயிர் வரும்.

ஒரு எச்சரிக்கை. நிஜமான யார் வீட்டையும், யார் விலாசத்தையும் கதைக்குள் இழுக்காதீர்கள். காரைக்குடி சின்ன ஊர். பட்டாலையில் ஆடும்போது சொன்ன வேடிக்கை அடுத்த கல்யாணத்தில் பந்திக்கு வந்துவிடும்.

ஐந்தாம் படி: முடியாததை எழுதுங்கள்

இப்போது ஷீட். டி அண்ட் டியில் ஆறு குணங்கள்: வலிமை, சுறுசுறுப்பு, உடல்தெம்பு, அறிவு, விவேகம், வசீகரம். இவற்றுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களைப் பங்கிட வேண்டும். எல்லாரும் 15ஐ எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். 8ஐ முதலில் வையுங்கள். மேலே சொன்னதுதான் காரணம்.

பெட்டியடிப் பையனையே எடுத்துக்கொள்வோம். வலிமை 8. சின்னப் பையன், இரும்புப் பெட்டியைத் தூக்க முடியாது. அப்புறம் சுறுசுறுப்பு 15, விவேகம் 14, உடல்தெம்பு 13, அறிவு 12, வசீகரம் 10. பத்துக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு இரண்டுக்கும் உருட்டலில் ஒன்று கூடும், பத்துக்குக் கீழே போனால் குறையும். அப்படிப் பார்த்தால் 15க்கு +2, 8க்கு -1. ரோக் கிளாஸில் போட்டால் ஹிட் பாயிண்ட் 8உம் உடல்தெம்பின் 1உம் சேர்ந்து 9.

இந்த எண் நிஜத்தில் என்ன செய்யும்? நடுத்தரமான கஷ்டத்துக்கு இருபது முக டைஸில் கூட்டுத்தொகை 15 வர வேண்டும். பூட்டைத் திறப்பதில் பையனுக்குத் தனித்தேர்ச்சி கொடுத்தால் மொத்தம் +6, ஆக 9 விழுந்தாலே போதும். இருபதில் பன்னிரண்டு வாய்ப்பு. அதே பெட்டியை நகர்த்த அவனுக்கு 16 விழ வேண்டும், இருபதில் ஐந்து. பூட்டு திறந்தாலும் பெட்டி நகராது. காவல்காரரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். கூப்பிட்டால் அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். கதை தானாக நடக்கிறது பாருங்கள்.

எண்களுக்குக் கீழே மூன்று வரி எழுதச் சொல்லுங்கள், முன்கதை என்று மூன்று பக்கம் வேண்டாம். என்ன வேண்டும், என்ன முடியாது, கூட்டத்தில் யாரோடு என்ன உறவு. பையனுக்கு இப்படி: "ஊருக்குப் போகும்போது அடுத்தாள் ஆகிவிட்டேன் என்று ஆத்தாவிடம் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியும், ஆனால் பெரிய கணக்கு வராது. சமையலாள்தான் எனக்கு ரகசியமாக எழுத்து சொல்லிக் கொடுத்தார், அதை மேலாளிடம் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும்." மூன்றாவது வரியை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அவருக்கும் சம்மதம் வேண்டும்.

ஆறாம் படி: டைஸ், தரை, தாயக்கட்டை

இருபது முக டைஸ் கைவசம் இல்லாவிட்டால் லூடோ டைஸ் இரண்டு போதும். இன்று பல ஆட்டங்கள் பயன்படுத்தும் எளிய முறை: இரண்டையும் உருட்டிக் கூட்டி, கேரக்டரின் கூடுதலைச் சேருங்கள். 10க்கு மேல், 10உம் சேர்த்து, நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். 6க்குக் கீழே, 6உம் சேர்த்து, வம்பு. மொத்தம் 36 விதமாக விழலாம். கூடுதல் இல்லாதவருக்கு முழு வெற்றி 6 விதம்தான். +1 என்றால் 10, +2 என்றால் 15. ஆக +2 கொடுக்கும் இடத்தில் யோசித்துக் கொடுங்கள், ஒருவருக்கு ஒரே ஒரு வேலையில் போதும்.

தாயக்கட்டையை உருட்டலாமே என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். கேட்ட எண்ணைப் போடத் தெரிந்த கை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய கை. அதோடு மோதி ஜி.எம். ஜெயிக்க முடியாது.

சண்டை வந்தால் வரைபடத்துக்குத் தனியாக அலைய வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஏற்கனவே கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. ஒரு கல் ஐந்து அடி என்று வைத்துக்கொண்டால் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதில் தகராறே வராது. ஆளுக்கு ஒரு சோழி, எதிரிக்குப் புளியங்கொட்டை. ஆனால் டைஸை அந்தத் தரையில் உருட்டாதீர்கள், வழவழப்பில் நடுமுற்றமான வளவு வரை ஓடிவிடும். ஒரு பாயை விரித்து அதன்மேல் உருட்டுங்கள்.

ஏழாம் படி: ஆடும்போது வேலையைக் கைமாற்றுங்கள்

ஒரு கேரக்டர் நன்றாக அமைந்திருக்கிறதா என்பது முதல் அரைமணியில் தெரிந்துவிடும். இரண்டாம் கட்டில் இரும்புப் பெட்டி, நள்ளிரவு. மேசையில் இப்படிப் போகும்:

"நான் தொறக்கிறேன்."

"எப்படிடா?"

"முதலாளி சாவி போடும்போது பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்ல, எந்தப் பக்கம் எத்தன சுத்துன்னு தெரியும்."

"சரி, உருட்டு."

நாலும் மூணும் விழுகிறது. ஏழு, அதோடு இரண்டு, ஒன்பது.

"தொறந்துருச்சு. ஆனா கீல் எண்ணெய் கண்டு வருஷமாச்சு போல. கிறீச்சுன்னு ஒரு சத்தம். மாடியில யாரோ எந்திரிச்சு நடக்குற மாதிரி இருக்கு." ஜி.எம். பையனைப் பார்க்காமல் மேலாளாக ஆடுபவர் பக்கம் திரும்புகிறார். "அயித்தான், நீங்க என்ன செய்றீங்க?"

"நான் விளக்கைத் தூண்டிவிட்டு, வளவுக்கு வந்து சத்தமாக் கணக்கு வாசிக்கிறேன். தூக்கம் வராம வேலை பாக்குறேன்னு நெனச்சுக்கட்டும்."

இந்த இடத்தில் ஜி.எம். செய்ததைக் கவனியுங்கள். பையன் கிளப்பிய சத்தத்தை மேலாளின் வேலையாக மாற்றிவிட்டார். ஆடுபவர்களும் இதைச் செய்யலாம். உங்கள் முறை முடியும்போது இன்னொருவர் கையில் ஒரு பிரச்சினையைக் கொடுத்துவிட்டு முடியுங்கள். "அண்ணே, இந்த எழுத்து எனக்குப் புரியல, நீங்க பாருங்க" என்பது ஒரு வரிதான். அந்த வரியில் அடுத்தாளுக்கு வேலை வந்துவிடுகிறது.

வழக்கமாக வரும் சிக்கல்களையும் சொல்லிவிடலாம். சொந்தக் கூட்டத்தாரிடமே திருடும் ரோக்: ஜி.எம். அப்போதே ஆட்டத்தை நிறுத்தி, இது எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்க வேண்டும், கேரக்டர் அப்படித்தான் என்ற சாக்கு செல்லாது. எதற்கெடுத்தாலும் "என் கேரக்டர் வரமாட்டார்" என்று மூலையில் நிற்பவர்: வருவதற்கு ஒரு காரணத்தை அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு பேர் வந்துவிட்டால் பிரித்துக் கொடுத்துவிடலாம், ஒருவர் பூட்டுக்கு, ஒருவர் ஒட்டுக்கேட்க. பேசுவதில் வல்லவர் நிஜத்திலும் வாயாடியாக இருந்தால் மற்ற நாலு பேரும் பொம்மையாகிவிடுவார்கள். அவருக்கு அடுத்த தடவை வாய் பேசாத காவல்காரர் வேஷம் கொடுங்கள். கோபித்துக்கொள்வார், அப்புறம் அதைத்தான் ரொம்ப ரசிப்பார்.

எட்டாம் படி: பிடிக்கவில்லையா, மாற்றுங்கள்

முதல் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: உன் முறை வந்தபோது ஆசையாக இருந்ததா, பயமாக இருந்ததா, சலிப்பாக இருந்ததா? பயம் என்றால் பரவாயில்லை, பழகிவிடும். சலிப்பு என்றால் கேரக்டர் பொருந்தவில்லை. எண்களை மாற்றிப் பாருங்கள். அதிலும் சரிவராவிட்டால் வேறு ஆளை எடுக்கட்டும். கேரக்டர் செத்தால்தான் மாற்ற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

செத்துப்போவதும் நடக்கும். டி அண்ட் டியில் பூச்சியத்துக்கு வந்தவர் தன் ஒவ்வொரு முறையிலும் டைஸ் உருட்டுவார். 10உம் அதற்கு மேலும் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றிக்கு முன்னால் மூன்று தோல்வி வந்தால் போய்விட்டார். அந்த உருட்டல்களையெல்லாம் எல்லாரும் பார்க்கும்படி பாயில் உருட்டச் சொல்லுங்கள், கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். புது ஆளை அடுத்த ஆட்டம் வரை காக்க வைக்காமல், அடுத்த காட்சியிலேயே உள்ளே கொண்டுவாருங்கள். மற்றவர்கள் எந்த லெவலோ அதே லெவலில் ஆரம்பிக்கட்டும். கூட்டத்தில் இப்போது எந்த வேலை காலியாக இருக்கிறது என்று பார்த்து, இறந்தவரின் வேலையைத் தவிர வேறொன்றை அவருக்குக் கொடுங்கள். பழைய ஷீட்டைக் கிழித்துப் போடாமல் ஜி.எம்.மிடம் கொடுத்துவிடலாம். அந்த மூன்று வரியில் எழுதிய உறவும் ரகசியமும் மிச்சம் இருக்கும், ஜி.எம்.முக்கு அவை பின்னால் உதவும்.